ஆட்டிப் பார்ப்பவர்

வீடு பார்க்கப் போன இடத்தில் அவர் செய்த முதல் காரியம், பின்பக்க மரத்தளத்தின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டியதுதான். கலிபோர்னியாவில், பிளசன்டனில் ஒரு ஓபன் ஹவுஸ், விற்பனைக்கு வந்த வீட்டை யாரும் போய்ப் பார்க்கலாம். சமையலறையில் வெனிலா வாசனை, தட்டில் பிஸ்கட். நானும் என் கணவன் சுரேஷும் கிரானைட் மேடையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மரம் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கைப்பிடியின் ஒரு முனை அவர் கையோடு வந்திருந்தது. ரியல்டர் அம்மாள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

"சாரிங்க," என்றார், ரியல்டரிடம் இல்லை, என்னிடம். "நாளைக்கு உங்க பொண்ணு சாஞ்சு நின்னாலும் வந்திருக்கும். இன்னைக்கே வந்தது நல்லதுதானுங்க."

விற்பவர்கள் புதுக் கைப்பிடி போட்டுக் கொடுத்த பிறகுதான் அந்த வீட்டை வாங்கினோம். அதற்கு முன் அவரை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களாகத் தமிழ்ப் பள்ளி பார்க்கிங் லாட்டில் பார்த்தால் சிரிப்போம். வீடு பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன், அவராகவே கிளம்பி வந்துவிட்டார்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஃபோன் பண்ணித் திட்டுவார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு 'ஷேக்கி ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கார் சீட், மடக்கு மேசை, ஊஞ்சல், ஏணி, எதுவாக இருந்தாலும் அவர் கை முதலில் அதன் மூட்டுக்குத்தான் போகும். பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?" எல்லாம். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். இத்தனை வருஷ கலிபோர்னியாவும் அவருடைய 'ங்க'வை ஒன்றும் செய்யவில்லை. மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஒரு குழாயும் இன்னொரு குழாயும் ஒட்டுகிற இடத்தை, பிய்ந்து வரும்வரை இழுத்துப் பார்க்கவேண்டும். அந்த வேலையால் இவருக்கு இந்தப் பழக்கம் வந்ததா, இந்தப் பழக்கத்தால் அந்த வேலை கிடைத்ததா என்று சுரேஷ் கேட்பான்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்லமுடியாது. ஒரு பிறந்தநாள் விழாவில், வீட்டுக்காரர் தன் கையாலேயே மாட்டிய புது ஊஞ்சலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். இவர் போய்க் கம்பத்தைப் பிடித்தார்.

"என்ன, என் வீட்டுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க, கேக் சாப்பிடத்தான் வந்தேன்," என்றார். ஆனால் ஆட்டுவதை நிறுத்தவில்லை. நாலு கம்பத்தையும் ஆட்டி முடித்து, "நல்லா மாட்டியிருக்கீங்க," என்று மனசாரச் சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போனார். அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அவர் வீட்டில் அவரும் ஹைஸ்கூல் படிக்கும் மகனும்தான். கணவர் வேறு ஊரில், வேறு வாழ்க்கையில் இருந்தார். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக்கில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசும் விஷயங்களில் அதுவும் ஒன்று. நான் கேட்டதில்லை. ஃப்ரீமான்ட் பக்கம் மிஷன் பீக் ஏறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவராகவே சொன்னார்.

"ஜாதகம் பாத்தாங்க, வேலையப் பாத்தாங்க, ஃபோட்டோ பாத்தாங்க. ஆட்டி மட்டும் யாரும் பாக்கலீங்க."

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை நடைகளை ஆரம்பித்தவரும் அவர்தான். முதலில் பிளசன்டன் ரிட்ஜ், பிறகு மிஷன் பீக், பிறகு யோசெமிட்டி. ஆரம்பத்தில் பெரிய கூட்டம். ஏற்றம் கூடக்கூட ஆட்கள் உதிர்ந்து, கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான் மிஞ்சினோம். சுரேஷ் மிஞ்சியதுதான் எனக்கு ஆச்சரியம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் வேறு ஆளாகிவிட்டான். ஆபீஸில் லிஃப்டில் ஏறுவதில்லை. முதுகுப் பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் மேலும் கீழும் நடப்பான். ஒரு நாள் அவர் "மே மாசக் கடைசியில ஷாஸ்தா போலாமுங்களா? பனி மலை" என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் சுரேஷ் சரி சொல்லிவிட்டான்.

பனி மலைக்குக் கிராம்பான் வேண்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பல் சட்டம். இறுகிப்போன பனியில் அந்தப் பல் இறங்கினால்தான் கால் நிற்கும். எனக்கு வாங்க அவர் என்னை பெர்க்லியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். பூட்ஸைக் கையோடு எடுத்து வரச் சொல்லியிருந்தார்.

"எல்லாரும் தலைகீழா வாங்குவாங்க," என்றார் காரில். "மொதல்ல எங்க போறோம்னு தெரியோணும். அப்புறம் பூட்ஸ். அதுக்கப்புறந்தான் கிராம்பான்."

கடைப் பையன் உற்சாகமாக ஒன்றைக் கொண்டுவந்தான். முன்னால் இரண்டு பற்கள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது. அது உறைந்த அருவியில் செங்குத்தாக ஏறுகிறவர்களுக்கு, நாம் போவது சரிவு என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தது அலுமினியம். கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. "மேல பனிக்கு நடுவுல பாறை வரும். பாறையில நடந்தா இது மழுங்கிப்போயிருமுங்க. கனமானாலும் ஸ்டீலே எடுங்க."

பிறகு மாட்டும் விதம். ஒன்றில் முன்னாலும் பின்னாலும் பிளாஸ்டிக் கூடு இருக்கும், நாடாவால் கட்டவேண்டும். அது எந்த பூட்ஸுக்கும் வரும். இன்னொன்றில் முன்னால் கூடு, பின்னால் ஒரு கிளிப். அந்தக் கிளிப் உட்கார பூட்ஸின் குதிகாலில் பள்ளம் இருக்கவேண்டும். மூன்றாவதில் முன்னால் ஒரு கம்பி, பின்னால் கிளிப். டக்கென்று மாட்டிவிடலாம், ஆனால் வளையாத கெட்டி பூட்ஸாக இருக்கவேண்டும், கம்பி பிடித்துக்கொள்ள முன் நுனியிலும் ஒரு விளிம்பு வேண்டும். என் பூட்ஸில் பள்ளமும் இல்லை, விளிம்பும் இல்லை. எனக்கு நாடாதான்.

"இப்ப நாடாவக் கட்டாம பூட்ஸ உள்ள அழுத்துங்க. தூக்குங்க. ஆட்டுங்க."

ஆட்டினேன். கிராம்பான் கழன்று கடைத் தரையில் கணீரென்று விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதன் நடுச் சட்டத்தை ஒரு துளை நகர்த்திக் கொடுத்தார். இந்தத் தடவை ஆட்டினேன். பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"புடிக்கறது பொருத்தமுங்க. நாடா சும்மா காவலுக்கு," என்றார். பிறகு கடையில் தொங்கிய தடிமனான கையுறையை எடுத்து என் கையில் மாட்டி, அதோடு நாடாவைக் கட்டி அவிழ்க்கச் சொன்னார். அவருக்குத் திருப்தி வரும்வரை கட்டிக்கொண்டே இருந்தேன்.

சுரேஷ் கடைக்கு வரவில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தான். சிவப்பு நிறம், கம்பியும் கிளிப்பும் உள்ள மூன்றாவது வகை. எங்கள் ஹாலில் அதைப் போட்டுக்காட்டியபோது குதிகாலில் 'டக்' என்று விழுந்த சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"ஆயிரக்கணக்கான பேர் ஃபைவ் ஸ்டார் குடுத்திருக்காங்க," என்று அவரிடம் ஃபோனில் சொன்னான்.

"அவங்கெல்லாம் உங்க பூட்ஸ் போட்டிருக்காங்களா?"

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அந்த வாரம் சுரேஷுக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், தலைக்கு மேல் வேலை. "நான் எல்லாம் செக் பண்ணியாச்சு," என்றான். "ஆட்டிப் பாத்தீங்களா?" "பாத்தாச்சு பாத்தாச்சு."

ஷாஸ்தாவில் முதல் நாள் பாதித் தூரம் ஏறி, ஹெலன் லேக் என்ற இடத்தில் கூடாரம் போட்டோம். பெயர்தான் ஏரி. அந்தப் பருவத்தில் அது பனி மூடிய ஒரு தட்டை நிலம். அதற்கு மேலே சுவர் மாதிரி எழும்புகிற வெள்ளைச் சரிவு. வெயில் இருக்கும்போதே கிராம்பானைக் கட்டிக்கொண்டு பக்கத்துச் சின்ன மேட்டில் நடந்து பழகலாம் என்றார்.

சுரேஷ் உற்சாகமாகப் போய்க் காலை ஓங்கிச் சரிவில் உதைத்தான். முன்கம்பி நழுவி, கிராம்பான் முழுசாகக் கழன்று கணுக்கால் வாரில் தொங்கியது.

"ஒன் மோர் டைம்," என்றான். மாட்டினான். உதைத்தான். மறுபடி தொங்கியது.

அவர் மண்டியிட்டு அவன் பூட்ஸின் நுனியை விரலால் தடவினார். "பின்னால பள்ளம் இருக்குது. முன்னால பாருங்க, வழுவழுன்னு இருக்குது. கம்பிக்குப் புடிக்க ஒண்ணுமே இல்லீங்களே."

"நான் கேர்ஃபுல்லா போறேன். ஸ்லோவா."

"காலையில இந்தச் சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும். பாதியில கழண்டா நிக்க எடமில்ல. உங்கள நான் கூட்டிட்டுப் போகமாட்டனுங்க."

சுரேஷ் முகம் சிவந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அரிசி மூட்டை சுமந்தவன். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தவன். அவர் காலில் இருந்த கிராம்பானைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "உங்களோடது நாடா டைப்தானே? எந்த பூட்ஸுக்கும் வரும்னு சொன்னீங்க. நீங்க ஏற்கெனவே இங்க வந்தவங்க. லெங்த் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தீங்கன்னா..."

கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். எங்களுக்காக உபரிக் கையுறை, உபரிக் கண்ணாடி, உபரி உப்புமா ரவை என்று சுமந்து வந்தவர்.

"குடுக்கமாட்டனுங்க," என்றார்.

காற்று கூடாரத் துணியை அடித்துக்கொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் ரெண்டு தடவை வந்திருக்கேன். ரெண்டு தடவையும் உச்சிக்குப் போகலீங்க. மொதத் தடவை கூட வந்தவருக்குத் தலைசுத்தல், அவரோட சேந்து எறங்கிட்டேன். அடுத்த தடவை ஒரு பொண்ணோட கிராம்பான் ஒடஞ்சுபோச்சு. என்றதக் கழட்டி அவளுக்குக் குடுத்துட்டு இதே எடத்துல நாளெல்லாம் உக்காந்திருந்தேன். இந்தத் தடவை எனக்காக வந்தேனுங்க."

சுரேஷ் என் பக்கம் திரும்பினான். "அப்ப உன்னோடது?"

சார்ஜர் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவன் கேட்பதும் நான் கொடுப்பதும் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கும், அவ்வளவுதான். நான் அவரைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று.

"அத அவங்கதான் சொல்லோணும்," என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தில் பனியை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

யாராவது எதையாவது கேட்டால் எனக்கு யோசிப்பதற்கு முன்பே 'சரி' வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. காலில் கட்டியிருந்த நாடாவைக் குனிந்து பார்த்தேன். நானே கட்டியது. நானே ஆட்டிப் பார்த்தது.

"இல்ல சுரேஷ். நான் போறேன்."

அவன் கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்துக்கொண்டான். உப்புமா ஆனதும் அவர்தான் தட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே நின்றார். "கோவத்தோடயே சாப்டுங்க, பரவால்ல. சாப்டாம இருந்தா இந்த ஒசரத்துல தலைவலி வந்துரும்." ஜிப் பாதி திறந்தது. ஒரு கை வந்து தட்டை வாங்கிக்கொண்டது.

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பும்போது எனக்கு அவர்மேலும் கோபம் இருந்தது. இவர் கொடுத்திருந்தால் என்னிடம் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று ஒவ்வொரு அடியிலும் நினைத்துக்கொண்டு ஏறினேன். பனிக்கோடரியை ஊன்றி, ஒரு கால், மறுகால். அடியில் பனி அப்பிக்கொண்டால் நின்று கோடரிக் காம்பால் தட்டினோம். சூரியன் எங்களைத் தொட்டபோது, செம்பாறைகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குக் கீழே இருந்தோம். சரிவு அங்கேதான் மிக மோசம். நான் தெரியாமல் கீழே பார்த்துவிட்டேன். கூடாரங்கள் சிதறிய அரிசி மாதிரி கிடந்தன. கோடரியைப் பனியில் ஆழக் குத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அடுத்த அடி வைக்கவே முடியவில்லை.

"நீங்க போங்க," என்றேன். "நான் இங்கயே இருக்கேன்."

அவர் இரண்டு அடி இறங்கி என் பக்கத்தில் வந்தார். கோடரியால் பனியில் எனக்கு நிற்க ஒரு படி வெட்டினார்.

"இங்க தனியா இருக்க முடியாதுங்க, வெறைச்சுப்போயிருவீங்க. எறங்கறதுன்னா சேந்து எறங்கலாம். ஏர்றதுன்னா சேந்து ஏறலாம். எதுன்னாலும் எனக்குச் சரி. மூச்சு விட்டுட்டு நிதானமாச் சொல்லுங்க."

உச்சி அங்கிருந்து தெரியாது. ஆனால் அவர் முகம் தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டிருந்தார். 'எதுன்னாலும் சரி' என்பது பொய் இல்லை. நான் இறங்கலாம் என்று சொன்னால், அந்த நிமிஷமே திரும்பி எனக்கு முன்னால் இறங்கியிருப்பார். கிராம்பானைக் கொடுக்கமாட்டார். ஆனால் கூட வந்தவளைப் பாதிச் சரிவில் விட்டுவிட்டும் போகமாட்டார். அவரைப் பற்றி அதுவரை எனக்குப் புரியாமல் இருந்தது அங்கேதான் புரிந்தது. என் கோபமும் அங்கேதான் போனது.

"ஏறலாம்," என்றேன்.

செம்பாறைகளைத் தாண்டினோம். அதற்கு மேலே ஒரு நீண்ட மேடு. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நீளும் மேடு. அதையும் தாண்டினோம். ஷாஸ்தா ஒரு எரிமலை; உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறை இடுக்கிலிருந்து கந்தக வாடை, அழுகின முட்டை மாதிரி. "இத்தன தூரம் வந்து இந்த நாத்தமா," என்று அவர் சொல்லி நாங்கள் சிரித்ததில் மூச்சு போய்விட்டது. கடைசிப் பாறையில் கையை வைத்ததும் அவர் படம் எடுக்கவில்லை, யாரையும் ஃபோனில் கூப்பிடவில்லை. பையைத் தலைக்கு வைத்துப் பனியில் நீட்டிப் படுத்தார்.

"கொஞ்ச நேரத்துக்கு யாரும் என்னைய ஒண்ணும் கேக்காதீங்க," என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

நான் கேட்கவில்லை. அவர் மேலே காற்று படாதபடி, காற்று வரும் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

இறங்கும்போது வெயிலில் பனி இளகியிருந்தது. கூடாரங்களுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வு குறைகிற இடத்தில், யாரோ ஒருவர் வெறும் பூட்ஸோடு கோல் ஊன்றி எங்களைப் பார்த்து ஏறி வந்துகொண்டிருந்தார். சுரேஷ். கையில் ஃபிளாஸ்க். பனியை உருக்கி, பொடி போட்டு ரசம் வைத்திருந்தான். மூடியில் ஊற்றி முதலில் அவரிடம்தான் நீட்டினான்.

"நேத்து உங்க மேல ரொம்பக் கோவம்," என்றான்.

"தெரியுமுங்க."

"இன்னிக்கும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். ரசம் நல்லா இருக்குதுங்க."

என்னிடம் மூடியைக் கொடுக்கும்போது, "காலைலேர்ந்து பாத்துட்டே இருந்தேன்," என்றான். "செகப்புப் பாறைகிட்ட ரெண்டு புள்ளியும் ரொம்ப நேரம் நகரல. என்ன ஆச்சோன்னு உயிரே போயிடுச்சு." அவன் கை மூடியை விடவில்லை. நான் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தபடி ரசம் குடித்தார்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகன் காலேஜ் போனதும் அவர் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார். மருந்துக்கும் மலை இல்லாத ஊர். குளிர்காலம் வந்தால் கொலராடோவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய், கொம்புப் பல் கிராம்பான் போட்டு உறைந்த அருவிகளில் ஏறுகிறாராம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்றைக்கு வீடு திரும்பிய பயணம்தான்.

சுரேஷ் ஓட்டினான். பின் சீட்டில் அவர், வெயிலில் உரிந்த மூக்கும் திறந்த வாயுமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ரெட்டிங் தாண்டி ஃப்ரீவே நேராக நீண்டது. இரண்டு பக்கமும் பாதாம் தோப்பு. சுரேஷ் ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்.

"அடுத்த வருஷம் நான் மேல போனா, நீ கீழ கேம்ப்ல இருப்பியா?"

"மாட்டேன்," என்றேன். "நானும் மேல வருவேன்."

அவன் யோசித்தான். தலையை ஆட்டிக்கொண்டான். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

பின் சீட்டிலிருந்து, கண்ணைத் திறக்காமலே ஒரு குரல்:

"மூணு பேருக்கும் மலையேற பர்மிட் நான் எடுத்தர்றனுங்க."